நன்னீர் இறால் எதைச் சமிக்கும், எதைக் கழிக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டுக்குப் பின்னால் குட்டை வெட்டியோ சீமெந்துத் தொட்டி கட்டியோ நன்னீர் இறால் வளர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி தீனியைப் பற்றியது. தவிடு போடலாமா, புண்ணாக்கு போடலாமா, கோழித் தீனி போதாதா என்று ஊருக்கு ஊர் அதே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லை ஒட்டியே இங்கே எழுதியிருக்கிறேன். விடைகளை வரிசையாக வாசித்தால் நல்லது. பின்னால் வருபவை முன்னால் சொன்னவற்றின் மேல் நிற்கின்றன.

1. தம்பி, எந்த இறாலைச் சொல்கிறீர்கள்? வாவி இறாலா, குளத்து இறாலா?

குளத்து இறால். நீண்ட நீலக் கொடுக்கோடு இருக்குமே, அது. மக்ரோபிராக்கியம் ரோசன்பேர்கி என்பது அதன் அறிவியற் பெயர். நம் நாட்டு ஆறுகளுக்குச் சொந்தமான இனம்தான். குடம்பிப் பருவத்துக்கு மட்டும் உவர்நீர் வேண்டும், அதன் பிறகு வாழ்வெல்லாம் நன்னீரில். உன்னிச்சை போன்ற பெரிய குளங்களில் இதன் குஞ்சுகளை விடுகிறார்கள். அங்கே யாரும் தீனி போடுவதில்லை, குளமே ஊட்டுகிறது. இந்தக் கேள்வி-பதில் காசு கொடுத்துத் தீனி வாங்கிப் போடுகிறவர்களுக்கானது.

2. "சமிபாடு 85 வீதம்" என்று பேசிக்கொள்கிறார்களே, அது என்ன கணக்கு?

இறால் 100 கிராம் புரதம் தின்று, அதில் 15 கிராம் எச்சத்தோடு வெளியே போனால், மீதி 85 கிராம் உடலுக்குள் போய்விட்டது என்று கொள்கிறோம். புரதத்தின் சமிபாடு 85 வீதம். ஒரே தீனியில் புரதத்துக்கு ஓர் எண், கொழுப்புக்கு இன்னொன்று, மாப்பொருளுக்கு வேறொன்று, முழு உலர் எடைக்கு மற்றொன்று வரும். ஆகவே யாராவது "இந்தத் தீனி 85 வீதம் சமிக்கும்" என்றால், எது என்று திருப்பிக் கேளுங்கள்.

உள்ளே போனதெல்லாம் சதையாகிவிடாது. நடமாட்டத்துக்கும், தோல் கழற்றுவதற்கும், சுவாசத்துக்கும் செலவாகும். சமிபாடு என்பது வாசலைத் தாண்டிய அளவு மட்டுமே. வளர்ச்சி வேறு கணக்கு.

3. இறாலுக்கு வயிறு எங்கே இருக்கிறது?

தலைக்குள். முதுகில் ஓடும் கறுப்புக் கோடு குடல். தலையைப் பிளந்தால் மஞ்சளும் பழுப்புமாகத் தெரிகிற கொழகொழப்பான உறுப்பில்தான் விடயமே இருக்கிறது. ஈரலின் வேலையையும் சதையியின் வேலையையும் சேர்த்துச் செய்கிற சுரப்பி அது. உணவை உடைக்கும் நொதியங்களைச் சுரப்பதும் அதுவே, சமித்த உணவை உறிஞ்சுவதும் பெரும்பாலும் அதுவே.

இரைப்பைக்கும் அந்தச் சுரப்பிக்கும் நடுவில் நுண்ணிய மயிர்களால் ஆன ஒரு வடி இருக்கிறது. நீர்மமும் மிக நுண்ணிய துகள்களும் மட்டும் அதைக் கடந்து சுரப்பிக்குள் போகும். பருமனான துண்டுகள் நேரே குடலுக்குத் தள்ளப்பட்டு, கொஞ்சமோ நஞ்சமோ சமித்தபடி வெளியேறும். நம் வயிற்றில் இருப்பது போன்ற கடும் அமிலமும் இறாலுக்குக் கிடையாது. நடுநிலையை ஒட்டிய சூழலில் திரிப்சின் வகை நொதியங்கள்தான் புரதத்தை உடைக்கின்றன. இந்த இரண்டு செய்திகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதி விடைகளுக்கு இவைதான் காரணம்.

4. சோறு மிஞ்சினால் போடுகிறோம். குறுணலும் சோளமும் போடலாமா? இறால் மச்சம் தின்கிற பிராணி அல்லவா?

மச்சமும் தின்னும், மரக்கறியும் தின்னும். ஆற்றில் இது பூச்சி, புழு, நத்தை, பாசி, விதை, விழுந்த பழம் என்று கிடைத்ததையெல்லாம் தின்று வளர்கிற உயிர். மாப்பொருளை உடைக்கும் அமிலேசு நொதியம் இதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆகவே குறுணலும் சோளமும் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஆனால் பச்சை மா வேறு, வெந்த மா வேறு. தண்ணீரும் சூடும் பட்டு மாப்பொருள் களியாகும்போது அதன் இறுகிய மணிகள் விரிந்து, நொதியம் உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. அதே களி தீனியை ஒட்டவைக்கும் பசையாகவும் வேலை செய்கிறது. அம்பாறைப் பக்கத்துச் சோளத்தை உடைத்து அப்படியே வீசுகிறவர்கள், அதை மாவாக அரைத்து அவித்துப் பாருங்கள். மிஞ்சிய சோறு சமிக்கும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு, தண்ணீரில் கரைந்து புளித்தும் போகும். ஒரு பிடி போதும்.

5. மில்லில் தவிடு மலிவாகக் கிடைக்கிறது. அதையே போட்டு வளர்த்தால் என்ன?

மில்லில் "தவிடு" என்று மூட்டை கட்டித் தருவது எல்லாம் தவிடு அல்ல. ஒரே இயந்திரத்தில் குத்தித் தீட்டும் சிறு மில்களில் உமியும் தவிடும் கலந்தே விழும். உமியில் சிலிக்காவும் மரநாரும் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லை. இறால் அதைச் சமிப்பதே இல்லை. உமியைத் தனியாகப் பிரிக்கும் மில்லில் எடுத்த தவிட்டில் ஏறக்குறைய 12 முதல் 14 வீதம் புரதமும் நல்ல அளவு எண்ணெயும் உண்டு. இரண்டுக்கும் ஒரே விலை சொல்லும் இடங்களும் இருக்கின்றன, வாங்குகிறவர் கவனித்தால் சரி. ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். உமி மேலே மிதக்கும், எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது காறல். நெல்லைத் தீட்டிய கணத்திலிருந்தே தவிட்டில் உள்ள லிப்பேசு என்ற நொதியம் அதன் எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். சில நாட்களில் மூக்கில் ஏறுகிற நெடி வரும். அந்தத் தவிட்டை இறால் ஒதுக்கும், தின்றாலும் பயன் குறைவு. நம் பக்கத்தில் புழுங்கல் அரிசி அதிகம் என்பது ஒரு வாய்ப்பு. நெல்லைப் புழுக்கும்போதே அந்த நொதியம் செத்துவிடுவதால் புழுங்கல் தவிடு இந்த வகைக் காறலுக்குச் சீக்கிரம் ஆளாகாது. எண்ணெயும் அதில் சற்று அதிகம். ஆனாலும் காற்றுப் பட்டு வருகிற வேறு வகைக் காறல் அதையும் விடாது. மாதக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள். பச்சரிசித் தவிடு என்றால் வாங்கிய அன்றே வறுத்து வையுங்கள்.

நல்ல தவிடாகவே இருந்தாலும் அதில் நார் இருக்கிறது, பொசுபரசும் பெரும்பாலும் பூட்டிய நிலையில் இருக்கிறது (17ஆம் கேள்வியைப் பாருங்கள்). அதன் உலர் எடையின் சமிபாடு மீன்தூளையோ சோயாவையோ விடக் கணிசமாகக் குறைவு. தீனியின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள், முழுத் தீனியாக வேண்டாம்.

6. தேங்காய்ப் புண்ணாக்கா, எள்ளுப் புண்ணாக்கா?

தேங்காய்ப் புண்ணாக்கில் ஏறக்குறைய 20 வீதம் புரதம். அதன் நார்ப்பகுதியில் மனன் என்ற சர்க்கரைத் தொடர் அதிகம், அதை இறால் எளிதில் உடைக்காது. புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் ஒன்றான லைசினும் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் புரதம் அதைப் போல இரு மடங்கை நெருங்கும், மெதியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலம் நிறைய உண்டு, லைசின் இங்கும் குறைவுதான். இரண்டில் ஒன்று என்றால் எள்ளை எடுப்பேன், சோயாவோடு சேர்த்து. சோயாவில் மெதியோனின் குறைவு, லைசின் போதும். ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

கடலைப் புண்ணாக்கு கிடைத்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அஃப்ளாரொக்சின் என்ற நஞ்சு அவித்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது.

7. கருவாட்டுத் தூள் போட்டால் மீன்தூள் வாங்கத் தேவையில்லைதானே?

புதிதாகக் காய்ச்சி உலர்த்திய நல்ல மீன்தூளில் 60 வீதத்துக்கு மேல் புரதம் இருக்கும். நன்னீர் இறால் அந்தப் புரதத்தைப் பெரும்பாலான சோதனைகளில் 80 வீதத்துக்கு மேலாகவே சமித்திருக்கிறது. கடற்கரை மணலில் காய்ந்த கழிவுக் கருவாட்டின் கதை வேறு. உப்பு, மணல், தலை, முள் எல்லாம் சேர்ந்து சாம்பற் சத்து, அதாவது எரித்தாலும் மிஞ்சுகிற பகுதி, ஏறும். சாம்பல் ஏற ஏற சமிபாடு இறங்கும். தூளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் அடியில் மணல் படியும். அந்த மணலுக்கும் நீங்கள் கிலோக் கணக்கில் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

கருவாட்டை நன்றாகக் கழுவி, மறுபடி வெயிலில் போட்டு மாவாக அரைத்தால் பயன்படும். மீன் வகையை முழுதாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் புண்ணாக்கில் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: இறால் தன் உடலில் கொலஸ்ரோலை உண்டாக்கிக்கொள்ளாது, தோல் கழற்றுவதற்கு அது வேண்டும், உணவிலிருந்துதான் வரவேண்டும். மீன்தூளிலும் இறால் தலையிலும் அது இருக்கிறது.

8. சோயா அவரையை நாங்களே பயிரிட்டால் பச்சையாக அரைத்துப் போடலாமா?

வேண்டாம். பச்சைச் சோயாவில் திரிப்சினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. இறாலின் புரதச் சமிபாடே திரிப்சின் வகை நொதியத்தை நம்பியது என்று 3ஆம் விடையில் சொன்னேன். பச்சைச் சோயா தன் புரதத்தை மட்டுமல்லாமல் மற்றப் புரதங்களின் சமிபாட்டையும் குலைக்கும். கடையில் கோழித் தீனிக்காக விற்கும் சோயாத் தூள் எண்ணெய் எடுத்துச் சூடாக்கப்பட்டது. அதன் புரதத்தை நன்னீர் இறால் மீன்தூளுக்கு நெருக்கமாகச் சமிக்கிறது. வீட்டு அவரை என்றால் ஊறவைத்து நன்றாக அவியுங்கள். கருக வறுத்தால் லைசின் கெட்டுவிடும்.

9. வாழைச்சேனைப் பக்கம் இறால் தலை சும்மா கிடைக்கிறது. இறாலுக்கு இறாலே தீனி என்றால் சமிபாடு நூறு வீதம் இருக்காதா?

இருக்காது. தலையிலும் ஓட்டிலும் கைற்றின் என்ற கடினமான ஓட்டுப் பொருள் இருக்கிறது. இறாலிடம் கைற்றினை உடைக்கும் நொதியம் உண்டு, ஆனால் கொடுத்த அளவையெல்லாம் உடைத்துவிடுவதில்லை. அதோடு ஒரு கணக்கு மயக்கமும் உண்டு. ஆய்வுகூடத்தில் புரதத்தை நேரே அளப்பதில்லை. நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறார்கள். கைற்றினில் ஏறக்குறைய 6.9 வீதம் நைதரசன் இருப்பதால், புரதமே இல்லாத தூய கைற்றினும் காகிதத்தில் 43 வீதப் "புரதம்" ஆகிவிடும்.

பச்சையாக மட்டும் போடாதீர்கள். கடல் இறாலைக் கொன்று குவிக்கும் வெண்புள்ளி நோயின் வைரசை நன்னீர் இறால் தான் சாகாமலே சுமந்து திரியும். உங்கள் தொட்டித் தண்ணீர் வாவிக்கு வடிகிறது என்றால், அது அயலாரின் பிரச்சினையும்கூட. அவித்து, உலர்த்தி, அரைத்துச் சேருங்கள். கொலஸ்ரோலும் சிவப்பு நிறச் சத்தும் அதில் கிடைக்கும். இறால் அந்த வாசனைக்கு ஓடியும் வரும்.

10. கோழித் தீனி விலை குறைவு. அதையே போடுகிறேன், இறாலும் தின்கிறதே?

தின்னும். ஆனால் கோழியின் குடல் வேறு மாதிரி, அதற்கு அரைவைப்பையும் உண்டு. கோழி கல்லை விழுங்கி அதைக்கொண்டு அரைக்கும். இறால் வாய்த்தாடையால் கொறிக்கும். கோழித் தீனியில் உடைத்த சோளம் பருமனாகக் கிடக்கும். 3ஆம் விடையில் சொன்ன வடியில் அது நுழையாது. முட்டைக் கோழித் தீனி என்றால் ஓட்டுக்காக 3.5 முதல் 4 வீதம் வரை கல்சியம் சேர்த்திருப்பார்கள், இறாலுக்கு அது வெறும் பாரம். எல்லாவற்றையும்விட மோசமானது, அது தண்ணீரில் உடனே சிதறிவிடுவது. விழுந்த தீனியில் இறால் வாய்க்குப் போனது எவ்வளவு, தண்ணீரில் கரைந்தது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

கையில் இருக்கும் மூட்டையை வீணாக்க மனமில்லை என்றால், கோழிக் குஞ்சுத் தீனியை மாவாக அரைத்து, மீன்தூளும் மரவள்ளி மாக் கஞ்சியும் சேர்த்துப் பிசைந்து, அவித்து, இடியப்ப உரலில் பிழிந்து காயவையுங்கள்.

11. குச்சித் தீனி எவ்வளவு நேரம் தண்ணீரில் கரையாமல் நிற்கவேண்டும்?

குறைந்தது இரண்டு மணித்தியாலம். இறால் மீனைப் போல ஒரே வாயில் விழுங்காது. தூக்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் வைத்துக் கொறிக்கும், பாதியில் விடும், திரும்ப வரும். அதற்குள் தீனியில் உள்ள கரையும் விற்றமின்களும் அமினோ அமிலங்களும் தண்ணீரோடு போய்விடும். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் எடுத்து இரண்டு குச்சிகளைப் போட்டு, இடையிடையே மெல்ல ஆட்டிப் பாருங்கள். இதற்கு எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை.

12. இறாலுக்கு நாரையே சமிக்கும் நொதியம் இருக்கிறதாமே? அப்படியானால் ஆற்றுவாழையை அள்ளிப் போடலாம்தானே, வாவி நிறையக் கிடக்கிறது?

கேள்வி நல்ல கேள்வி. செலுலோசை உடைக்கும் நொதியச் செயற்பாட்டை நன்னீர் இறாலில் கண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. சோதனைக்குழாயில் நொதியம் வேலை செய்வதும், உணவு குடலில் நிற்கும் சில மணித்தியாலத்துக்குள் நார் சமித்து முடிவதும் ஒன்றல்ல. மாடு நாரைச் சமிக்க நாலு அறை வயிறும் நாள்கணக்கான நேரமும் எடுக்கிறது. இறாலிடம் அந்த அவகாசம் இல்லை.

ஆற்றுவாழையில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் தண்ணீர், மீதியில் நாரும் சாம்பலும் கணிசம். உலர்த்தி அரைத்துச் சிறிதளவு சேர்த்தால் கேடில்லை, இலாபமும் பெரிதாக இல்லை. கூட்டெருவாக்கிக் குட்டைக்கு உரமாக இட்டால் அதைவிடப் பலன் கூடும். காரணம் கடைசிக் கேள்வியில் வருகிறது.

13. வயல் நத்தை?

ஓட்டை உடைத்து, சதையை அவித்து, கொத்திப் போடுங்கள். மிக நன்றாகச் சமிக்கும். ஓடு சமிக்காது. வயலுக்கு மருந்து அடித்த கிழமையில் பொறுக்கிய நத்தை மட்டும் வேண்டாம்.

14. எச்சத்தை எப்படி ஐயா அளப்பது? தண்ணீருக்குள் அல்லவா கழிக்கிறது?

எல்லா எச்சத்தையும் பிடித்து நிறுக்க முடியாது. ஆகவே ஆய்வுகூடத்தில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். இறால் சமிக்கவே முடியாத ஒரு பொருளைத் தீனியில் சிறிதளவு கலக்கிறார்கள். குரோமிக் ஒட்சைட்டு என்ற பச்சைத் தூள் அதிகம் பயன்படுகிறது. தீனி சமித்து உள்ளே போகப் போக, சமிக்காத அந்தத் தூள் மட்டும் எச்சத்தில் செறிந்துகொண்டே போகும். தீனியில் 1 வீதமாக இருந்தது எச்சத்தில் 4 வீதமாகிவிட்டால், உலர் எடையில் நான்கில் ஒரு பங்குதான் வெளியே வந்திருக்கிறது, 75 வீதம் சமித்திருக்கிறது. அதே தீனியில் புரதம் 35 வீதமும் எச்சத்தில் 14 வீதமும் என்றால், நான்கில் ஒரு பங்கை 14/35ஆல் பெருக்க 0.1 வரும். புரதத்தில் பத்திலொரு பங்கு மட்டும் வீண். சமிபாடு 90 வீதம்.

தவிடு போன்ற ஒரு பொருளைத் தனியாக அளக்க வேண்டுமானால், நன்கு அறிந்த ஓர் அடிப்படைத் தீனி 70 பங்கும் தவிடு 30 பங்கும் கலந்து கொடுக்கிறார்கள். இறாலைத் தவிட்டை மட்டும் தின்னவைத்தால் அது ஒழுங்காகத் தின்னாது, அதனால்தான். அடிப்படைத் தீனியின் புரதம் 90 வீதம் சமித்து, கலவை 84 வீதம் சமித்தால், வீழ்ச்சிக்கெல்லாம் அந்த 30 பங்குதான் பொறுப்பு. இரண்டிலும் புரத அளவு ஒன்றே என்று வைத்துக்கொண்டால், 84இலிருந்து 63ஐக் (90இன் 70 வீதம்) கழித்து 0.3ஆல் வகுக்க, அந்தப் பொருளின் சமிபாடு 70 என்று வரும்.

இறாலின் எச்சம் ஒரு மெல்லிய உறை போர்த்திய நூலாக வரும். அது உடைவதற்கு முன் குழாயால் உறிஞ்சி எடுத்தாக வேண்டும். பிந்தினால் கரைந்துவிடும், இன்னொரு இறால் தின்றும்விடும்.

15. ஓர் அட்டவணையில் 104 வீதம் என்று பார்த்தேன். தின்றதைவிடக் கூடுதலாக எப்படிச் சமிக்கும்?

சமிக்காது. அது அளவையின் பிழை, அச்சுப் பிழையல்ல. மேலே சொன்ன 70-30 கணக்கில் சிறு பிசகும் 0.3ஆல் வகுபடும்போது மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிடும். எச்சத்திலிருந்து புரதம் தண்ணீரில் கரைந்துபோனால் அதையும் "சமித்தது" என்றே கணக்கு எடுத்துக்கொள்ளும். தின்னும்போதே தீனியிலிருந்து கரைந்தது, பச்சைத் தூள் உணவோடு சேர்ந்து நகராமல் முந்தியோ பிந்தியோ போனது என்று வேறு வழிகளும் உண்டு. பெரும்பாலும் இவை எண்ணை உயர்த்திக் காட்டும். புரதம் குறைந்த பொருட்களில் எதிர்த் திசையிலும் பிழை வரும், ஏனென்றால் குடற் சுவரிலிருந்து உதிர்வதும் நொதியங்களின் மிச்சமும் எச்சத்தில் சேர்ந்து, தீனியின் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

ஆகவே இரு ஆய்வுகள் ஒரே பொருளுக்கு 78 என்றும் 86 என்றும் சொன்னால் சண்டை பிடிக்காதீர்கள். ஒரே ஆய்வுக்குள் எந்தப் பொருள் மேலே, எது கீழே என்ற வரிசையைத்தான் நான் நம்புவேன்.

16. மூட்டையில் "புரதம் 38 வீதம்" என்று இருக்கிறது, விலையும் குறைவு. மற்றது 35 வீதம், விலை கூட. எது இலாபம் மகன்?

மூட்டையில் எழுதியிருப்பது நைதரசனிலிருந்து கணக்கிட்ட மொத்தப் புரதம். 9ஆம் விடையில் சொன்ன கைற்றின் மயக்கம் இங்கும் உண்டு. நேர்மையற்றவர் யூரியா கலந்தாலும் எண் ஏறும். வயலுக்குப் போடும் யூரியாவில் 46 வீதம் நைதரசன். நூறு கிலோத் தீனியில் ஒரு கிலோ யூரியா சேர்ந்தால், காகிதத்தில் ஏறக்குறைய 3 வீதப் புரதம் கூடிவிடும்.

கணக்குக்காக விலை வைத்துக்கொள்வோம். முதல் மூட்டை கிலோ 270 ரூபாய், புரதம் 38 வீதம், அதில் 65 வீதம் சமிக்கிறது: கிலோவில் 247 கிராம் பயன்படும் புரதம். இரண்டாவது கிலோ 300 ரூபாய், புரதம் 35 வீதம், அதில் 85 வீதம் சமிக்கிறது: கிட்டத்தட்ட 298 கிராம். சமிக்கும் புரதம் ஒரு கிலோவுக்கு முதலாவதில் 1093 ரூபாய், இரண்டாவதில் 1008 ரூபாய். விலை கூடிய மூட்டைதான் மலிவு. சமிபாட்டு எண்ணை எந்த மூட்டையிலும் அச்சிடுவதில்லை. ஆகவே என்ன என்ன சேர்த்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். மாமிசத் தூள் சேர்த்திருந்தால் எந்த விலங்கினுடையது என்றும் கேளுங்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் இறாலை வாங்குகிறவர் கட்டாயம் கேட்பார், கேட்க அவருக்கு உரிமையும் உண்டு.

17. தீனியில் நொதியத் தூள் கலந்தால் எல்லாம் சமித்துவிடும் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

எந்த நொதியம் என்று பார்க்கவேண்டும். அதிகம் பேசப்படுவது பைற்றேசு. தாவரத் தீனிகளில் உள்ள பொசுபரசின் பெரும்பகுதி பைற்றேற்று என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது, தவிட்டில் மிக அதிகம். பைற்றேசு அந்தப் பூட்டைத் திறக்கும். சமிக்காத பொசுபரசு தண்ணீரில் சேர்ந்து பாசியைப் பெருக்கும் என்பதால் இதில் குட்டையின் நலமும் இருக்கிறது.

சிக்கல் இரண்டு. நொதியம் ஒரு புரதம், நீங்கள் தீனியை அவிக்கும்போது அதுவும் வெந்துவிடும். மேலும் கடையில் கிடைக்கும் பைற்றேசு பெரும்பாலும் அமிலச் சூழலில் நன்றாக வேலை செய்வது, இறாலின் வயிற்றில் அந்த அமிலம் இல்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால், அவித்து ஆறிய தீனியின் மேல் எண்ணெயோடு பூசுங்கள். என்னைக் கேட்டால் முதலில் அரைவையைச் சரிசெய்யச் சொல்வேன். நன்றாக அரைத்து அவித்தால் கிடைப்பதைத் தூள் எதுவும் தந்து நான் பார்க்கவில்லை.

18. வாவியோரப் பண்ணைகளில் கடல் இறாலுக்குப் போடும் தீனியை இதற்கும் போடலாமா?

போடலாம், நன்றாகச் சமிக்கும், காசு வீண். நன்னீர் இறாலுக்கு வளரும் பருவத்தில் 30 முதல் 35 வீதப் புரதம் போதும். அதற்கு மேலான புரதத்தை அது எரிபொருளாக எரித்து, நைதரசனை அமோனியாவாகத் தண்ணீரில் விடும். 4ஆம் விடையில் சொன்னபடி மாப்பொருளை எரிபொருளாக்கும் திறன் அதற்கு இருக்கிறது, அந்த வேலையைக் குறுணலுக்குக் கொடுங்கள்.

19. மார்கழி, தை மழையில் தீனி அப்படியே கிடக்கிறது. தீனி கெட்டுவிட்டதா, சமிக்கவில்லையா?

பெரும்பாலும் குளிர். இதற்கு உகந்த நீர்வெப்பம் 28 முதல் 31 பாகை செல்சியஸ். வாடைக்காற்றும் தொடர்மழையும் தண்ணீரைக் குளிர்விக்கும்போது நொதியங்கள் மந்தமாகும், குடல் மெதுவாக நகரும், பசி குறையும். வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டே இருந்தால் அது அடியில் அழுகும். தட்டில் போட்டு, மறுநாள் தட்டைத் தூக்கிப் பார்த்து அளவைத் தீர்மானியுங்கள். இறால் இராத்திரி உயிர் என்பதால் பெரும் பங்கை மாலையில் போடுவது எப்போதும் நல்லது. தோல் கழற்றும் இறாலும் ஒன்றிரண்டு நாள் தின்னாது. தட்டில் வெற்றுத் தோல் கிடந்தால் பயப்பட வேண்டாம்.

20. ஒரே தீனி, ஒரே நாளில் விட்ட குஞ்சு. சில பெருத்துவிட்டன, சில விரலளவில் நிற்கின்றன. சின்னவற்றுக்குச் சமிபாடு சரியில்லையா?

சமிபாட்டில் கோளாறு இல்லை. இந்த இனத்தின் ஆண்களுக்குள் ஒரு படிநிலை இருக்கிறது: நீலக் கொடுக்குப் பெரியவன், செம்மஞ்சள் கொடுக்கு இரண்டாமவன், கொடுக்குச் சிறுத்த கடைக்குட்டி. பெரியவன் இருக்கும்வரை கடைக்குட்டி வளராமல் அடங்கியே கிடப்பான். பெரியவர்களை வலைபோட்டு எடுத்துவிட்டால் அதே தீனியில் இவர்கள் வளரத் தொடங்குவார்கள். தீனியை மாற்றிக் காசைக் கரைக்காமல், இடையிடையே பிடித்து விற்றுவிடுங்கள்.

21. என் தொட்டியில் நல்ல தீனி போட்டும் வளரவில்லை. அயலவரின் மண்குட்டையில் வெறும் தவிட்டில் வளர்கிறது. அப்படியானால் இவ்வளவு சமிபாட்டுக் கணக்கும் எதற்கு?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். மேலே சொன்ன எண்கள் எல்லாம் சுத்தமான கண்ணாடித் தொட்டியில் அளந்தவை. அங்கே இறாலுக்குத் தீனியைத் தவிர வேறு உணவு இல்லை. மண்குட்டையில் இருக்கிறது. அயலவர் போடும் தவிட்டில் இறால் சமிக்காத பகுதியைப் பற்றீரியா பிடிக்கிறது, அதைச் சிற்றுயிர்கள் தின்கின்றன, சேற்றில் புழுவும் கொசுவினக் குடம்பிகளும் பெருகுகின்றன, அவற்றை இறால் பொறுக்கித் தின்கிறது. குறைந்த அடர்த்தியில் வளர்க்கும் குட்டையில் இறாலின் உணவில் பெரும் பங்கு இப்படி வருவதுதான். தவிட்டில் இல்லாத லைசினும் கொலஸ்ரோலும் விற்றமினும் அந்தப் புழுவில் இருக்கின்றன.

சீமெந்துத் தொட்டியில் அந்தச் சங்கிலி இல்லை. அங்கே சமிக்காதது எல்லாம் கழிவு, அடுத்த நாள் அமோனியா. தொட்டிக்காரருக்குச் சமிபாட்டு எண்தான் எல்லாம். மண்குட்டைக்காரருக்கும் ஓர் எல்லை உண்டு. சதுர மீற்றருக்கு ஒன்றிரண்டு இறால் இருக்கும்போது சேற்றுப் புழு போதும். இலாப ஆசையில் நான்கு, ஐந்து என்று நெருக்கி விட்டால் புழுவைச் சில கிழமைகளில் தின்று தீர்த்துவிடும், அதன் பிறகு உங்கள் தீனியை மட்டுமே நம்பி இருக்கும். அப்போது அதே தவிடு அடியில் கறுத்த சேறாகச் சேரும், விடியற்காலையில் ஒட்சிசன் இறங்கி இறால் கரையோரம் ஒதுங்கும்.

ஆகவே மண்குட்டையில் முதல் மாதம் தவிடும் கூட்டெருவும் போட்டுச் சேற்றை ஊட்டலாம். பிறகு மாதத்துக்கு ஒருமுறை அடிச்சேற்றை ஒரு கையளவு அள்ளிச் சல்லடையில் அலசிப் பாருங்கள். சிவப்புப் புழுக்கள் நெளிந்தால் தவிட்டைத் தொடருங்கள், சல்லடை வெறுமையாக இருந்தால் அன்றே அவித்துப் பிழிந்த தீனிக்கு மாறிவிடுங்கள்.